முன்பல் இடைவெளி: வாசகர் கேள்விகள், பல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 26. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சின்ன வயதிலிருந்தே சந்து உண்டு. இரண்டரை மாதத்தில் கல்யாணம். ஒரு டாக்டர் இரண்டு பல்லையும் ராவி கேப் போடலாம் என்கிறார். இன்னொருவர் ஒரே நாளில் பூச்சு வைத்து மூடிவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கேப் வேண்டவே வேண்டாம். சொத்தையில்லாத பல்லுக்குக் கேப் மாட்ட, சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கோ அதற்கு மேலோ ராவ வேண்டும். ராவிய எனாமல் திரும்ப வளராது. சிலருக்குப் பின்னாளில் உள்ளே நரம்பு செத்து, வேர் சிகிச்சை வரை போய்விடுகிறது. ஒரு சந்துக்காக இரண்டு நல்ல பற்களைப் பலி கொடுக்கக் கூடாது.

'பூச்சு' என்று சொன்னது காம்போசிட். பல் நிறத்தில் இருக்கும் பசை, நீல வெளிச்சம் பட்டதும் இறுகிவிடும். சொத்தை அடைக்கவும் இதைத்தான் வைக்கிறோம். உங்கள் சந்து எவ்வளவு என்று முதலில் அளக்கச் சொல்லுங்கள். மேல் நடுப்பல் சராசரியாக 8.5 மி.மீ. அகலமும் 10.5 மி.மீ. உயரமும் இருக்கும். 2 மி.மீ. இடைவெளியை இரண்டு பல்லுக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றும் 9.5 மி.மீ. அகலமாகும். பெரும்பாலானோருக்கு அதுதான் எல்லை. 3 மி.மீ. என்றால் அகலமும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றாகி, பல் சதுரமாகத் தெரியும். அப்போது கிளிப் போட்டுக் கொஞ்சம் நகர்த்திவிட்டு மீதியைப் பூச்சால் மூடுவதே அழகு.

உங்களுக்கு 2 மி.மீ.க்குள் என்றால் வேலையை இந்த வரிசையில் செய்துகொள்ளுங்கள். இந்த வாரமே பல் கிளீனிங். ஈறில் ரத்தக்கசிவு இருக்கும்போது பூச்சு ஒட்டாது. பல்லை வெளுப்பாக்கும் எண்ணம் இருந்தால் அதையும் முன்னாலேயே முடித்துவிடுங்கள். காம்போசிட்டை அப்புறம் வெளுப்பாக்க முடியாது. வெளுப்பாக்கிய பிறகு குறைந்தது இரண்டு வாரம் விட வேண்டும், இல்லையென்றால் ஒட்டு பிடிக்காது. பூச்சு வேலை கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு நடக்கட்டும். ஏதாவது சரிசெய்ய வேண்டியிருந்தால் நேரம் இருக்கும்.

அன்று நாற்காலியில் உட்கார்ந்ததும் நடக்க வேண்டிய முதல் வேலை நிறம் பார்ப்பது. பல் ஈரமாக இருக்கும்போதே பார்க்க வேண்டும், காய்ந்த பல் வெளுத்துக் காட்டும். காயவைத்துவிட்டு நிறம் எடுத்தால், மறுநாள் பல் பழைய நிறத்துக்கு வந்ததும் பூச்சு மட்டும் வெள்ளையாகத் தனித்துத் தெரியும். அடுத்து, ஒட்டாமல் சும்மா வைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பத்து நிமிட வேலைதான். கண்ணாடியில் பார்த்து, பேசி, சிரித்துப் பார்த்து உங்களுக்குப் பிடித்தால் மட்டும் மேலே போகலாம். பிறகு 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல்லை 15 முதல் 30 வினாடி தடவிக் கழுவி, ஒட்டு திரவம் பூசி, காம்போசிட்டை 2 மி.மீ.க்கு மிகாத அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றையும் ஒளியில் இறுக்குவார்கள். பெரும்பாலும் ஊசியும் இல்லை, ராவலும் இல்லை.

முடிந்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். இரண்டு பல்லுக்கும் நடுவே ஃப்ளாஸ் நூலை உங்கள் முன்னாலேயே விட்டுக் காட்டச் சொல்லுங்கள். 'டிக்' என்று இறங்கி, பிசிறில்லாமல் வெளியே வர வேண்டும். நூல் நார் நாராகக் கிழிந்தால் ஈறோரத்தில் பூச்சு துருத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அங்கே அழுக்கு தங்கி, ஒரே மாதத்தில் ஈறு வீங்கிச் சிவந்துவிடும். அன்றே தேய்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

முதல் இரண்டு நாள் காபி, டீ, மஞ்சள் தூக்கலான குழம்பு வேண்டாம். பூச்சு பொதுவாக ஐந்து முதல் ஏழு ஆண்டு தாங்கும், நடுவில் பாலிஷ் தேவைப்படும். முறுக்கையும் கரும்பையும் முன்பல்லால் கடித்தால் ஓரம் உடையும். உடைந்த இடத்தில் மட்டும் மறுபடி வைத்துக்கொள்ளலாம், பீங்கான் வெனீரில் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு) அந்த வசதி இல்லை. வெனீர் பத்து, பதினைந்து ஆண்டு உழைக்கும், கறையும் பிடிக்காது. ஆனால் பெரும்பாலும் அரை மி.மீ. அளவுக்காவது எனாமலைச் சீவ வேண்டும். 26 வயதில் முதல் சிகிச்சையாக அதை நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: மகளுக்கு எட்டு வயது. புதிதாக முளைத்த முன்பற்கள் விரிந்து நிற்கின்றன. மேலுதட்டை ஈறோடு இணைக்கும் சதையை வெட்டினால் சேர்ந்துவிடும் என்கிறார்கள். இப்போதே செய்துவிடலாமா?
- ஒரு தாய், கரூர்

பதில்: பொறுத்திருங்கள். ஏழு வயதிலிருந்து பதினொன்று வரை இந்த இடைவெளி பல பிள்ளைகளுக்கு இயல்பு. மேலே எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் கோரைப்பற்கள் பக்கத்துப் பற்களின் வேரை அழுத்துவதால் முன்பற்கள் விசிறிபோல் விரிகின்றன. பதினொன்று, பன்னிரண்டு வயதில் கோரைப்பல் வெளியே வரும்போது 2 மி.மீ. வரையிலான சந்து பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும்.

உதட்டை மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். இரண்டு பல்லுக்கு நடுவே உள்ள ஈறு வெளிறிப்போனால் அந்தச் சதை தடிமனாக உள்ளே இறங்கியிருக்கிறது. அப்படியிருந்தாலும் வெட்டுவது கடைசியில்தான். கிளிப் போட்டு இடைவெளியை மூடிய பிறகு வெட்ட வேண்டும். முன்னதாக வெட்டினால் அங்கே உண்டாகும் தழும்பே பற்கள் சேர்வதைத் தடுக்கும்.

காத்திருக்கக் கூடாத சந்தர்ப்பமும் உண்டு. ஒரு முன்பல் வந்து ஆறு மாதமாகியும் அதன் ஜோடி வராவிட்டாலோ, பல் திரும்பிக்கொண்டு முளைத்தாலோ எக்ஸ்-ரே எடுங்கள். நடுவில் கூடுதல் பல் ஒன்று எலும்புக்குள் ஒளிந்திருக்கலாம். அதை எடுக்காமல் எந்தக் கிளிப்பும் பலிக்காது.

கேள்வி: இணையத்தில் பார்த்து, இரண்டு முன்பல்லையும் சேர்த்துச் சின்ன ரப்பர் பேண்ட் மாட்டித் தூங்குகிறேன். மூன்றே நாளில் சந்து குறைந்திருக்கிறது. தொடரலாமா?
- கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: கடிதத்தை வைத்துவிட்டு முதலில் அதைக் கழற்றுங்கள். முன்பல்லை முழுசாகப் பிடுங்கிப் பார்த்தால் முள்ளங்கி மாதிரி இருக்கும்: வெளியே அகலம், வேர்ப் பக்கம் போகப் போக ஒடுக்கம். அகலமான பக்கத்தில் மாட்டிய ரப்பர், வழுக்கி வழுக்கி ஒடுக்கமான பக்கம் ஏறும். ஈறுக்குள் நுழைந்துவிட்டால் வெளியில் தெரியாது, சாதாரண எக்ஸ்-ரேயிலும் பெரும்பாலும் விழாது. வேரைச் சுற்றியுள்ள எலும்பைக் கரைத்துக்கொண்டே போகும். பல் நீண்டு தெரியும், ஆடும், சீழ் கட்டும். இரண்டு முன்பல்லும் ஒருசேரப் போனவர்கள் இருக்கிறார்கள்.

காலையில் எழும்போது ரப்பர் காணவில்லையென்றால் 'எங்கேயோ விழுந்திருக்கும்' என்று நினைக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் போய், ரப்பர் மாட்டியிருந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

சந்து குறைந்தது உண்மைதான். ஆனால் நகர்ந்தது வேரல்ல, பல்லின் நுனி மட்டும் சாய்ந்திருக்கிறது. கிளிப்பில் ஒவ்வொரு பல்லிலும் ஒட்டிய பிராக்கெட்டில்தான் ரப்பர் மாட்டுவோம். அது ஈறுக்கு ஏற வழியில்லை. கம்பி வேரையும் நேராக நிறுத்தும். வெறும் நடுச்சந்து மட்டுமே குறை என்றால் கிளிப்புக்குப் பல சமயம் ஆறு மாதமே போதும்.

கேள்வி: வயது 48. இத்தனை நாள் நெருக்கமாக இருந்த முன்பற்கள் இரண்டு வருடமாக விலகி வருகின்றன. சர்க்கரை உண்டு. பூச்சு வைத்து மூடலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: இப்போது வேண்டாம். நடுத்தர வயதில் புதிதாக விழும் சந்து பெரும்பாலும் ஈறு நோயின் அடையாளம். எலும்பு கரைந்து பல் பிடிமானம் இழந்து நகர்கிறது. மேலே பூசி மூடினாலும் பல் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஈறின் ஆழத்தை ஒவ்வொரு பல்லிலும் அளக்கச் சொல்லுங்கள். 3 வரை சரி. 4, 5 என்று ஏறினால் ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்ய வேண்டும். மூன்று மாத சராசரிச் சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. புகைப்பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

ஈறு ஆறியதும் சிறிய விலகல் சிலருக்குத் தானாகவே குறைந்துவிடுகிறது. குறையாவிட்டால் மெல்லிய விசையில் கிளிப். ரத்தக்கசிவு நிற்கும் முன் கிளிப் போட்டால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும்.

கேள்வி: கிளிப் கழற்றி எட்டு மாதம். மூடிய சந்து நூலளவு திரும்பத் தெரிகிறது. ஏன்?
- வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: இரண்டு பல்லையும் இணைக்கும் ஈறு நார்கள் ரப்பர்போல் இழுபட்டிருக்கின்றன. அவை பழைய இடத்துக்கே இழுக்கும். அதனால்தான் நடுச்சந்தை மூடியவர்களுக்குப் பல்லின் பின்புறம் மெல்லிய கம்பி ஒட்டுகிறோம். அது ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டியது. அந்தக் கம்பி ஏதாவது ஒரு பல்லிலிருந்து விட்டிருக்கலாம், வலியே தெரியாது. நகத்தால் கம்பியை ஒவ்வொரு பல்லிலும் தட்டிப் பாருங்கள். ஒரு இடத்தில் ஆடினால் அங்கேதான் விட்டிருக்கிறது. இந்த வாரமே போய் ஒட்டிக்கொள்ளுங்கள். அதுவரை, பல் நகராமல் பிடித்துவைக்கும், கழற்றி மாட்டும் ரிடெய்னர் இருந்தால் இரவில் போடுங்கள்.

கம்பி சரியாகவே இருந்தால் உதடுகளை லேசாகத் திறந்து, கண்ணாடி முன்னால் எச்சில் விழுங்கிப் பாருங்கள். நாக்கு நுனி பற்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தால், ஒவ்வொரு விழுங்கலிலும் அதுதான் தள்ளுகிறது. நாக்குப் பயிற்சி பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.