பழைய பின்பால் கண்காட்சிக்குப் போகிறவர்களின் கேள்விகள்

அரிய, பழைய பின்பால் இயந்திரங்களைக் காட்சிக்கு வைத்து, வருகிறவர்களை ஆடவும் விடுகிற கண்காட்சிகளைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். பின்பால் என்றால், கண்ணாடி மூடிய சரிவான பலகையில் குண்டை உருட்டிப் புள்ளி சேர்க்கிற ஆட்டப் பெட்டி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இந்த இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன் என்பதால் பலகைக்கு அடியில் உள்ள சமாசாரம் கொஞ்சம் கூடுதலாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை போகிறேன் அண்ணா. நூறு இயந்திரங்கள் இருக்குமாம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

வரிசை நிற்கிற இடத்தை விட்டுவிடுங்கள். 1992-இல் வந்த ஆடம்ஸ் ஃபேமிலி முன்னால் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். நல்ல ஆட்டம்தான். ஆனால் 20 ஆயிரத்துக்கும் மேல் விற்ற இயந்திரம் அது, இன்னொரு நாள் வேறெங்காவது கிடைக்கும். கதவு திறந்ததும் மூலையில் இருக்கும் மரச்சட்ட இயந்திரங்களிடம் போங்கள். ஏறத்தாழ 1960 வரை கண்ணாடியைப் பிடித்திருக்கும் ஓரச்சட்டம் மரமாகவே இருந்தது, அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். நாள் முழுக்க ஆட்டம் நடந்தால் முதலில் படுக்கிறது பழசுதான். சாயங்காலம் போனால் அதன் மேல் ‘பழுது’ என்று ஒரு காகிதம் ஒட்டியிருக்கும்.

ஆடுவதற்கு முன் பலகையின் கீழ்முனையில் உள்ள சின்ன அட்டையைப் படியுங்கள். ஒரு ஆட்டத்துக்கு மூன்று குண்டா ஐந்து குண்டா, எதை அடித்தால் எந்த விளக்கு எரியும் எல்லாம் அதில் இருக்கும். முக்கால்வாசிப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை.

ரிலே இயந்திரம், எலக்ட்ரானிக் இயந்திரம் என்று பிரித்துப் பேசுகிறார்களே, பார்த்தவுடன் எப்படித் தெரியும்?

ரிலே என்பது மின்காந்தத்தால் திறந்து மூடும் ஸ்விட்ச். மதிப்பெண் எப்படிக் காட்டுகிறது என்று பாருங்கள். எண் எழுதிய உருளைகள் சுழன்றால் ரிலே காலத்து இயந்திரம். எண்கள் ஒளிர்ந்தால் பெரும்பாலும் எலக்ட்ரானிக். 1950-களின் பல இயந்திரங்களில் உருளையும் இருக்காது. மேல்கண்ணாடியில் (நிமிர்ந்து நிற்கும் தலைப்பெட்டியின் படக் கண்ணாடி) எழுதிய எண்களுக்குப் பின்னால் பல்பு எரியும், நாம்தான் கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய கம்பெனிகள் 1977-ஐ ஒட்டி எலக்ட்ரானிக்குக்கு மாறின.

கண்ணை மூடிக்கொண்டும் சொல்லலாம். ரிலே இயந்திரத்தில் 50 புள்ளி இலக்கை அடித்தால் ஒரேயடியாக 50 ஏறாது. அடியில் ஒரு மோட்டார் சுழலும். அதில் உள்ள பற்கள் ஐந்து முறை ஸ்விட்சைத் தட்டும், உருளை ஐந்து முறை நகரும், மணி ஐந்து முறை அடிக்கும். டிங் டிங் டிங் டிங் டிங். அந்த மோட்டார் சுற்றி முடிப்பதற்குள் இன்னொரு 50-ஐ அடித்தால் சில இயந்திரங்களில் அது கணக்கிலேயே சேராது. ஏமாற்று இல்லை, மோட்டாருக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான்.

அப்புறம், இலவச ஆட்டம் கிடைக்கும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும், பக்கத்தில் நிற்பவர் துள்ளிவிடுவார். ஸ்பீக்கர் என்று நினைக்காதீர்கள். ஒரு சோலனாய்டு (மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகும் கம்பிச்சுருள்) இரும்புத் தண்டைத் தள்ளி நிஜமாகவே பெட்டியை அடிக்கிறது.

போன வருடம் ஒரு இயந்திரத்தில் ஃபிளிப்பர்கள் (பொத்தானை அழுத்தினால் குண்டைத் தட்டும் சின்ன மட்டைகள்) வெளிப்பக்கம் பார்த்து இருந்தன, அதுவும் ஆறு. யாராவது தப்பாக மாட்டிவிட்டார்களா?

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் காட்லீப் கம்பெனியின் ஹம்டி டம்டி. 1947. கொடுத்துவைத்தவர் நீங்கள். மின்சார ஃபிளிப்பரோடு வந்த முதல் பின்பால் அதுதான், வடிவமைத்தவர் ஹாரி மாப்ஸ். பக்கத்துக்கு மூன்றாக ஆறு ஃபிளிப்பர். அவற்றுக்கு வேகம் கிடையாது. குண்டை மேலே அனுப்ப வேண்டுமென்றால் கீழ் ஃபிளிப்பரிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று படிப்படியாக ஏற்ற வேண்டும். அடுத்த வருடமே ஜென்கோ கம்பெனியின் டிரிபிள் ஆக்‌ஷனில் ஸ்டீவ் கோர்டெக் இரண்டே ஃபிளிப்பரைப் பலகையின் கீழ்முனையில் வைத்து, நேர் மின்சாரம் (டிசி) கொடுத்து வலுவாக அடிக்க வைத்தார். இன்றைய இயந்திரங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

ஃபிளிப்பரே இல்லாத பெட்டிகளும் இருந்தன. குண்டை விட்டுவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பதா? இதில் என்ன விளையாட்டு?

சும்மா நின்றால் விளையாட்டு இல்லைதான். 1931-இல் வந்த காட்லீபின் பாஃபிள் பால், அதை ஒட்டி வந்த பாலிஹூ இரண்டும் மேசை மேல் வைக்கிற சின்னப் பெட்டிகள். ஆணி வேலிகளுக்கு நடுவே குண்டு இறங்கும், எந்தக் குழியில் விழுகிறதோ அதற்குத் தக்க புள்ளி. பாலி கம்பெனிக்குப் பெயர் வந்ததே பாலிஹூவிலிருந்துதான். இரண்டு திறமை போதும்: பிளஞ்சரை (குண்டை ஏவுகிற ஸ்பிரிங் தண்டு) எவ்வளவு இழுக்கிறோம், பெட்டியை எப்போது தட்டுகிறோம்.

அதிர்ஷ்டமா திறமையா என்ற சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. சூதாட்டம் என்று சொல்லி நியூயார்க் நகரம் 1942-இல் பின்பாலைத் தடை செய்தது. மேயர் லா கார்டியா கையில் சம்மட்டியோடு இயந்திரங்களை உடைக்கிற படங்கள் இருக்கின்றன. தடை நீங்கியது 1976-இல். ரோஜர் ஷார்ப் என்பவர் நகர மன்றத்தார் முன் ஆடிக்காட்டினார். பிளஞ்சரை இழுக்கும் முன் ‘குண்டு நடு வழியில் இறங்கும்’ என்று சொல்லிவிட்டு விட்டார், இறங்கியது. ஃபிளிப்பரைப் பெரிதாக நம்பாமல் பிளஞ்சரை வைத்து வாதத்தை ஜெயித்தார் பாருங்கள். அதனால் கண்காட்சியில் பழைய இயந்திரத்தின் முன் நிற்கும்போது பிளஞ்சரை முழுக்க இழுத்து விடுகிற பழக்கத்தை விடுங்கள். பாதி, முக்கால் என்று இழுத்து, குண்டு மேலே எந்தச் சந்தில் நுழைகிறது என்று பாருங்கள்.

இயந்திரத்தை ஆட்டுவது தப்பில்லையா சார்? என் பையனை ஒருவர் முறைத்தார்.

தள்ளுவது ஆட்டத்தில் சேர்த்திதான். தூக்கிப் போடுவது தப்பு. பெட்டிக்குள் ஒரு வளையத்துக்கு நடுவே கூம்பு வடிவ எடை ஒன்று தொங்குகிறது. குலுக்கல் அதிகமானால் எடை வளையத்தைத் தொடும், சர்க்யூட் மூடும், ‘டில்ட்’ விளக்கு எரியும், அந்தக் குண்டு போச்சு. சில பழைய இயந்திரங்களில் ஆட்டமே போகும். வடிவமைப்பாளர் ஹாரி வில்லியம்ஸ் 1930-களில் செய்த முதல் வடிவங்களில் ஒன்றில், சின்னப் பீடத்தின் மேல் ஒரு குண்டு உட்கார்ந்திருக்கும். ஆட்டினால் அது கீழே விழுந்து காட்டிக்கொடுக்கும்.

எது வரை தள்ளலாம் என்பதை அந்த எடையே சொல்லிவிடும். உள்ளங்கையால் ஓரத்தில் குறுக்காக ஒரு தட்டு, அவ்வளவு போதும். பையனை முறைத்தவர் அனேகமாக இயந்திரத்தின் சொந்தக்காரர். காட்சிக்கு வருகிறவற்றில் பல தனியார் வீடுகளிலிருந்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவை. மெலிந்த மரக்கால் உள்ளவற்றில் கொஞ்சம் தயவு பாருங்கள்.

புது இயந்திரத்தில் நன்றாக ஆடுவேன். பழசில் ஒரு நிமிடம் தாங்குவதில்லை. ஏன்?

இரண்டு மூன்று காரணம். ஃபிளிப்பர் சின்னது. 1960-களின் இறுதி வரை 2 அங்குலம்தான், அப்புறம்தான் 3 அங்குலம் வந்தது. நடுவில் இடைவெளி பெரிது. பலகைச் சரிவும் வேறு: இன்றைய இயந்திரங்களில் சுமார் ஆறரை டிகிரி, ரிலே இயந்திரங்களில் மூன்றரையை ஒட்டி. குண்டு மெதுவாக வருவதால் ‘நேரம் இருக்கிறது’ என்று தோன்றும். அதே மெதுவால், ஓரத்துப் பள்ளத்தை நோக்கிப் போகிற குண்டை ஃபிளிப்பர் காப்பாற்ற முடியாது. தட்டித்தான் திருப்ப வேண்டும்.

இரண்டு பொத்தானையும் சேர்த்து அடிக்கிற வழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். இடது ஃபிளிப்பரை நோக்கி மேலிருந்து வருகிற குண்டுக்கு ஒன்றுமே செய்யாமல் இருந்து பாருங்கள். ரப்பரில் பட்டுத் தானே வலது ஃபிளிப்பருக்குத் தாவும். அங்கே ஃபிளிப்பரைத் தூக்கிப் பிடித்தால் குண்டு தொட்டிலில் விழுந்ததுபோல் அதிலேயே நிற்கும். இப்போது நிதானமாகக் குறி பார்க்கலாம். எல்லாப் பழைய இயந்திரத்திலும் இது பலிக்காது. ரப்பர் செத்திருந்தால் தாவாது, நடுவில் விழும். முதல் குண்டிலேயே அதைச் சோதித்துவிடுங்கள்.

எதையெல்லாம் தவறவிடக் கூடாது? அரியவற்றின் பெயர்களைச் சொல்லுங்கள்.

1994-இன் பின்பால் சர்க்கஸ். மொத்தம் இரண்டுதான் செய்தார்கள். பைத்தான் ஆங்கெலோவின் வடிவமைப்பு, வழக்கமான நீளப் பலகையை விட்டுவிட்டு மாடி மாடியாக ஏறும் ஆட்டம். 1983-இன் க்ரல், காட்லீப் தயாரிப்பு, பத்தை ஒட்டித்தான் உண்டு. கேப்காம் 1996-இல் பின்பாலைக் கைவிட்டபோது முன்மாதிரிகளாகவே நின்றுபோன பிக் பாங் பார், கிங்பின். இதில் ஒன்று கண்ணில் பட்டால் வரிசையில் நில்லுங்கள்.

ஆனால் அரியது எல்லாம் நல்ல ஆட்டம் இல்லை. 1979-இல் அட்டாரி செய்த ஹெர்குலிஸ் ஏழடிக்கு மேல் நீளம், அதில் உருளுவது பில்லியர்ட்ஸ் பந்து. பக்கத்தில் நின்று படம் எடுக்க அருமை. ஆடினால் இரண்டாவது பந்திலேயே கொட்டாவி வரும். அதே வருடத்து வில்லியம்ஸ் தயாரிப்பான கோர்கார் அவ்வளவு அரியது இல்லை. ஆனால் பேசின முதல் பின்பால் அது. ஏழே சொல் தெரிந்த பேய், அந்த ஏழைக் கலைத்துப் போட்டே வாக்கியம் பேசும். என்னைக் கேட்டால் ஹெர்குலிஸ் வரிசையில் நிற்கிற நேரத்தில் கோர்காரை மூன்று தடவை ஆடலாம். 1982-இன் ஆர்பிட்டர் 1 இருந்தால் அதையும் பாருங்கள். பலகையே மேடுபள்ளமாக இருக்கும், குண்டு நேராகவே போகாது. பாதிப் பேருக்குப் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும்.

ஆடிக்கொண்டிருக்கும்போது நின்றுவிட்டால் என்ன செய்வது?

பக்கத்தில் யார் பொறுப்பில் இருக்கிறாரோ அவரிடம் சொல்லுங்கள். ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கடைசியாக எதை அடித்தீர்கள், குண்டு எங்கே நின்றது, என்ன சத்தம் வந்தது என்று சொன்னால் பத்து நிமிட வேலை இரண்டு நிமிடத்தில் முடியும். நீங்களாகக் கண்ணாடியைத் தூக்க வேண்டாம்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் காத்திருக்காதீர்கள். பொத்தானை விட்ட பிறகும் ஃபிளிப்பர் இறங்காமல் நின்றாலோ, கருகுகிற வாசம் வந்தாலோ உடனே கூப்பிடுங்கள். ஃபிளிப்பரை இயக்கும் காயிலில் (கம்பிச்சுருள்) அடிக்க ஒரு தடித்த சுற்று, தூக்கிப் பிடிக்க ஒரு மெல்லிய சுற்று என்று இரண்டு உண்டு. ஃபிளிப்பர் மேலே போனதும் ஒரு ஸ்விட்ச் திறந்து மெல்லிய சுற்றுக்கு மாற்றிவிடும். அந்த ஸ்விட்ச் திறக்காவிட்டால் முழு மின்னோட்டமும் தடித்த சுற்றிலேயே ஓடும், சீக்கிரமே காயில் வெந்துவிடும்.

குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. ஏறி நிற்க முக்காலி வைத்திருப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். காதுக்கு ஏதாவது எடுத்துப் போங்கள், சத்தம் அதிகம். குடிக்கிற பாட்டிலைக் கண்ணாடி மேல் வைக்கக் கூடாது, இது பெரியவர்களுக்கும்தான்.

மேல்கண்ணாடிப் படங்கள் சிலவற்றில் பொட்டுப் பொட்டாக உதிர்ந்திருக்கின்றன. திருத்தி வரையக் கூடாதா?

படம் கண்ணாடியின் பின்பக்கம் அச்சானது. முன்னால் தெரிய வேண்டிய நிறம் முதலில், பின்னணி கடைசியில் என்று தலைகீழ் வரிசை. பின்னால் எரிகிற பல்புகளின் சூட்டில் மை கண்ணாடியை விட்டுப் பிரிகிறது. தொட்டால் கையோடு வரும். அதனால்தான் பலர் அப்படியே விட்டுவிட்டு, பல்புகளை மட்டும் சூடு குறைந்த எல்இடிக்கு மாற்றுகிறார்கள். காட்லீபுக்கு ராய் பார்க்கர் வரைந்த 1950-களின் கண்ணாடிகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் ஆட்கள் முகத்தில்கூட ஏதாவது ஒரு வேடிக்கை இருக்கும்.

ஒன்றைப் பார்த்து ஆசை வந்துவிட்டது, விற்பதாகவும் சொல்கிறார்கள். எதைப் பார்த்து வாங்க?

எலக்ட்ரானிக் இயந்திரம் என்றால் தலைப்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நினைவகத்துக்காக வைத்த பேட்டரி கசிந்து, போர்டில் பச்சை பூத்திருக்கிறதா? பூத்திருந்தால் போர்டுக்கே செலவு. ரிலே இயந்திரத்தில் அந்தப் பயம் இல்லை. அழுக்கு ஸ்விட்சுகள்தான் தொல்லை, பொறுமை இருந்தால் நீங்களே சரி செய்யலாம். பலகையில் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிகிறதா என்று பாருங்கள், முக்கியமாக ஃபிளிப்பருக்கு மேலேயும் குழிகளைச் சுற்றியும். சர்க்யூட் வரைபடம் கூட வருகிறதா என்று கேளுங்கள். விற்கிறவர் ‘ஒரு ஃபியூஸ் போட்டால் ஓடும்’ என்றால், அந்த ஃபியூஸை அவரையே போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.