ஒரே கணினியில் சோதனைப் பதிப்பு

கேள்வி: ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் ‘கரன்ட்’ பதிப்பை (இன்னும் உருவாக்கத்தில் இருப்பது) சோதிக்க ஆசை. இருப்பது ஒரே மடிக்கணினி. அன்றாட வேலை கெடாமல் முடியுமா?

பதில்: தாராளமாக முடியும், டிஸ்க் இசட்எஃப்எஸ் (ZFS) கோப்பு முறைமையில் இருந்தால். ‘பிஇசிடிஎல்’ (bectl) கட்டளையில் புதிய பூட் சூழலை, அதாவது தனியாக பூட் செய்யக்கூடிய சிஸ்டம் நகலை, உருவாக்குங்கள். ஸ்னாப்ஷாட்டிலிருந்து (அந்த நேரத்து நிலையின் பதிவு) குளோன் எடுப்பதால் நொடியில் முடியும், தொடக்கத்தில் இடமும் பிடிக்காது. அதை மவுன்ட் செய்து, புதிய பில்டை அதற்குள்ளேயே நிறுவி, அடுத்த ஒரு பூட்டுக்கு மட்டும் தற்காலிகமாக ஆக்டிவேட் செய்யுங்கள். புதிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பாதியில் நின்றாலும் கவலையில்லை, ரீபூட் செய்தால் பழையதே வரும்.

அப்புறம் ஒன்று, இதை மட்டும் மறக்கவே கூடாது: சோதனை முடியும்வரை ‘இசட்பூல் அப்கிரேட்’ (zpool upgrade) கட்டளை கொடுக்காதீர்கள், கொடுத்தால் பழைய கெர்னலால் பூலை (இசட்எஃப்எஸ் சேமிப்பகத்தை) திறக்க முடியாமலே போகலாம். ஹோம் கோப்புகள் வழக்கமாக இரண்டு சூழலுக்கும் பொது என்பதால், அவற்றுக்குத் தனியாக பேக்கப் கட்டாயம்.