திடலில் பிள்ளைகள்: வாசகர் கேள்வி-பதில்

போட்டி என்றாலே என் மகன் வயிற்றுவலி என்கிறான். என்ன செய்வது? (செந்தூல்)

வயது, விளையாட்டு, எத்தனை நாளாக வலி என்று எதையுமே எழுதாமல் தீர்வு மட்டும் கேட்டால் எப்படி? எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்வதைப் பதினாறு வயதுப் பையனுக்குச் சொல்ல முடியாது. முதலில் மருத்துவரிடம் காட்டிவிட்டு, வயதோடு மீண்டும் எழுதுங்கள்.

9 வயது மகள் பூப்பந்தில் தோற்றாலும் "நல்லா ஆடினேன்" என்கிறாள். அக்கறை இல்லையோ? (பிறை)

ஏறக்குறைய 11, 12 வயது வரை பிள்ளைகள் முயற்சியையும் திறமையையும் தெளிவாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. முழு மூச்சாக ஓடியிருந்தால் நன்றாக ஆடியதாகவே நினைப்பார்கள். பிறரோடு ஒப்பிட்டுத் தன்னை மதிப்பிடும் பழக்கம் அதன் பிறகே வலுப்பெறும். காரில் வீடு திரும்பும்போதே அதை நீங்கள் தொடங்கி வைக்க வேண்டாம்.

நான் இடைநிலைப்பள்ளிப் பயிற்றுநர். பெண் பிள்ளைகளுக்கு இயல்பிலேயே மனத்திடம் குறைவு என்று ஆய்வுகளே சொல்கின்றனவே? (கெப்போங்)

இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் மாதந்தோறும் வருகிறது. எனக்கும் மாதந்தோறும் கோபம் வருகிறது. வினாத்தாள்களில் பெண்கள் போட்டிப் பதற்றத்தைச் சற்றுக் கூடுதலாகவும் தன்னம்பிக்கையைச் சற்றுக் குறைவாகவும் குறிப்பிடுகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் கண்டதே. ஆனால் அந்த இடைவெளி சிறியது. பெண்களுக்குள்ளேயே காணப்படும் வேறுபாடு அதைவிடப் பெரியது. மேலும், பயத்தை வெளியில் காட்டாதே என்று வளர்க்கப்பட்ட பையன் தாளில் 'பயமில்லை' என்று குறியிடுவதை வைத்து அவன் நெஞ்சுரத்தை எப்படி அளப்பீர்கள்?

பெண்களின் பருவ வளர்ச்சி பையன்களைவிடச் சுமார் இரண்டு ஆண்டுகள் முந்துகிறது. கொளுத்தும் பிற்பகல் வெயிலில் இடுப்பைச் சுற்றி ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு ஓடும் படிவம் ஒன்று (13 வயது) மாணவியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாதவிடாய், இறுக்கமான சீருடை, திடலோரத்துக் கேலி ஆகியவற்றைப் பற்றி அவளிடம் ஓர் ஆசிரியையைக் கொண்டாவது விசாரிக்காமல், அவள் விலகியதும் மனத்திடம் இல்லை என்று முடிவுகட்டுவது பயிற்றுநரின் சோம்பல். பினாங்கின் நிக்கோல் டேவிட் 1999-இல், 15 வயதில், உலக இளையோர் ஸ்குவாஷ் பட்டத்தை வென்றார். 2001-இல் மீண்டும் வென்றார். பின்னர் எட்டு முறை உலக வெற்றியாளரானார். அவர் விதிவிலக்கு என்று நழுவ வேண்டாம். சராசரியை வைத்து ஒரு பிள்ளையை எடைபோடாதீர்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது?

டிசம்பரில் பிறந்த என் மகன் 12 வயதுக்குட்பட்டோர் தேர்வில் இடம் பெறவில்லை. மனமுடைந்து போயிருக்கிறான். (பாயான் லெப்பாஸ்)

பிறந்த மாதத்தை எழுதியதற்கு நன்றி. வயதுப் பிரிவு ஜனவரியில் தொடங்கினால், அவன் ஏறக்குறைய ஓராண்டு மூத்தவர்களோடும் மோத வேண்டியிருக்கிறது. தேர்வானவர்களில் ஆண்டின் முற்பகுதியில் பிறந்தவர்களே மிகுந்திருப்பது பல நாடுகளில், குறிப்பாகக் கால்பந்தில், கண்ட உண்மை. அதை அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள், பயிற்சியை நிறுத்தாதீர்கள். இங்கும் அதே எச்சரிக்கைதான்: சராசரியை வைத்து எடைபோட வேண்டாம்.

16 வயது மகன், நான் திடலுக்கு வரக்கூடாது என்கிறான். (பிரிக்பீல்ட்ஸ்)

அந்த வயதில் நண்பர்கள், பயிற்றுநர் ஆகியோரின் சொல்லுக்கு எடை கூடும். கூப்பிட்டால் மட்டும் போங்கள்.