கருந்துளைக்கு என்ன நிறம் அடிப்பது?

வணக்கம் சார்,

எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவில் இருக்கும் கருந்துளைப் படத்தின் ஆரஞ்சு நிறம் கம்ப்யூட்டரில் ஏற்றியதாமே? அப்படியென்றால் அது வெறும் ஓவியம்தானே? என் மகள் பள்ளிக் கண்காட்சிக்கு அதைத்தான் வரைகிறாள், “ஏமாத்துற படத்தை நான் ஏன்பா வரையணும்” என்கிறாள். என்ன சொல்வது?

ஒரு வாசகர், வியாசர்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

நிறம் ஏற்றியதுதான். ஆனால் ஏமாற்று இல்லை. 2017இல் உலகின் வெவ்வேறு மூலைகளில் இருந்த ரேடியோ தொலைநோக்கிகள் சேர்ந்து பிடித்தது 1.3 மில்லிமீட்டர் அலை. நம் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, அப்புறம் நிறம் எங்கிருந்து வரும்? அலை எங்கே பலமாக வந்தது, எங்கே குறைவாக வந்தது என்பதைக் காட்டத்தான் ஆரஞ்சைத் தேர்ந்தெடுத்தார்கள், பச்சையிலும் காட்டியிருக்கலாம். கை முறிந்தால் எடுக்கும் எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளையாகத் தெரிவதும் இப்படித்தான். அதைப் பார்த்துத்தானே டாக்டர் மாவுக்கட்டு போடுகிறார்.

‘வெறும் ஓவியம்’ என்று எழுதியிருந்தீர்கள், அதுதான் எனக்கு வருத்தம். தண்டையார்பேட்டையில் நான் படித்த பள்ளியின் சுவரில் என் மாமா ஒரு நிலா வரைந்தார். சுவர் விளம்பரம் எழுதிப் பிழைத்தவர். கத்தி முனை மாதிரி மலைகள், கன்னங்கரேல் வானம், ஓரத்தில் நீலப் பூமி. மணி அடித்த பிறகும் அதன் முன்னால் நின்றுகொண்டிருப்பேன். செஸ்லி போன்ஸ்டெல் என்ற அமெரிக்க ஓவியரும் நிலா மலைகளை அப்படிக் கூராகத்தான் வரைந்தார் என்று பல வருடம் கழித்துத் தெரிந்தது. காற்றும் மழையும் இல்லாத இடத்தில் மலையைத் தேய்க்க என்ன இருக்கிறது என்று அன்றைக்குப் பலரும் நினைத்தார்கள். அப்போலோ விண்கலங்கள் நிலாவுக்குப் போய்ப் பார்த்தால் எல்லாம் வழவழப்பான குன்றுகள்: விண்வெளித் துகள்கள் கோடிக்கணக்கான வருடங்களாக மோதி மோதியே தேய்த்துவிட்டிருந்தன. 1944இல் சனிக்கோளின் டைட்டன் நிலவுக்கு போன்ஸ்டெல் நீல வானம் தீட்டினார், 2005இல் ஹைகன்ஸ் கலம் இறங்கியபோது அங்கே இருந்தது ஆரஞ்சுப் புகைமூட்டம். தப்புதான், ஆனால் அந்தந்தக் காலத்தில் தெரிந்ததை வைத்து யோசித்து வரைந்த தப்பு, அதை நான் மதிக்கிறேன்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள் என்று கடலும் மேகமுமாக வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும், பெரும்பாலும் கருவி பார்த்தது, கோள் குறுக்கே போகும்போது நட்சத்திர வெளிச்சம் துளி மங்கியதை மட்டும்தான். மீதி கற்பனை என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

சரி, மகளை ஆரஞ்சே அடிக்கச் சொல்லுங்கள். படத்துக்குக் கீழே, “நிறம் நாம் கொடுத்தது, பளிச்சென்று இருக்கும் இடத்தில் அலை அதிகம்” என்று அவள் கையாலேயே எழுதட்டும். கண்காட்சி என்றைக்கு என்று சொல்லுங்கள், நானும் வருகிறேன்.