லியர் மன்னருக்குப் புத்தி எப்போது பேதலிக்கிறது? கேள்வி பதில்

இந்த முறை எல்லோரும் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னரைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள், அதிலும் அவருடைய பைத்தியத்தைப் பற்றி. கதை தெரியாதவர்களுக்கு நாலு வரி. எண்பது வயது தாண்டிய லியர், "என்மேல் யாருக்குப் பாசம் அதிகம்?" என்று மூன்று மகள்களிடமும் கேட்டு, நாட்டைப் பிரித்துக் கொடுக்கிறார். வாய் நிறையப் புகழ்ந்த கானரில், ரீகன் இருவருக்கும் பங்கு கிடைக்கிறது. புகழாத கடைக்குட்டி கார்டிலியாவுக்கு ஒன்றும் இல்லை. அப்புறம் அந்த இருவரோடும் சண்டை. கிழவர் கோபித்துக்கொண்டு புயலில் வெளியே போக, உள்ளேயிருந்து கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

பி.ஏ. மாணவி: சார், லியருக்குப் பைத்தியம் பிடிப்பது புயல் காட்சியில் என்று எழுதினேன். மார்க் போய்விட்டது. தப்பா?

பாதி சரி. பயம் அதற்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிடுகிறது. முதல் அங்கத்தின் கடைசியில், "எனக்குப் பைத்தியம் பிடிக்க விடாதே, தெய்வமே" என்று கெஞ்சுகிறார். கேட்பதற்குப் பக்கத்தில் அவருடைய அரசவைக் கோமாளி மட்டும்தான். இரண்டாம் அங்கத்தில் மகள்கள் அவருடைய 100 வீரர்களை 50, 25, பத்து, ஐந்து என்று பேரம் பேசிக் குறைத்து, "ஒருவன்தான் எதற்கு?" என்று முடிக்கிறார்கள். அந்த இடத்தில் "எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போகிறது" என்று அவரே சொல்லிவிடுகிறார். புயலில் "புத்தி தடுமாறத் தொடங்குகிறது" என்கிறார். ஆனால் அடுத்த மூச்சிலேயே கோமாளியிடம் "குளிருதா தம்பி?" என்று கேட்கிற அளவுக்குத் தெளிவு மிச்சமிருக்கிறது.

கயிறு அறுவது மூன்றாம் அங்கத்தின் நாலாம் காட்சியில் என்பேன். குடிசைக்குள்ளிருந்து கந்தல் கட்டிய பைத்தியக்காரன் ஒருவன் வெளியே வருகிறான். லியர் அவனிடம் முதலில் கேட்பது: "நீயும் எல்லாவற்றையும் மகள்களுக்குக் கொடுத்துவிட்டாயா?" அவனுக்கு மகள்களே கிடையாது என்று, மாறுவேடத்தில் கூடவே இருக்கும் விசுவாசப் பிரபு கென்ட் சொல்லியும் நம்பவில்லை. அடுத்த முறை இந்த வரியைக் காட்டி எழுதுங்கள்.

நாடகம் பார்க்கப் போனேன். புயலில் மூன்று பேர் ஒரே நேரத்தில் உளறுகிறார்கள். யாருக்கு நிஜமாகவே பைத்தியம் என்று புரியவில்லை.

புரியாமல் போவது உங்கள் குற்றமில்லை, காட்சியே அப்படித்தான் பின்னப்பட்டிருக்கிறது. நிஜம் லியருடையது மட்டும்தான்.

கந்தல்காரன் வேஷக்காரன். க்ளாஸ்டர் பிரபுவின் மகன் எட்கர் அவன். தம்பியின் சூழ்ச்சியால் தலைக்கு விலை வைக்கப்பட்டு, 'ஏழை டாம்' என்ற பெயரில் ஒளிந்து திரிகிறான். லண்டன் பெத்லெம் மனநல விடுதியிலிருந்து வந்ததாகச் சொல்லிப் பிச்சை எடுப்பவர்கள் அந்தக் காலத்தில் உண்டு. கையில் முள்ளையும் ஆணியையும் குத்திக்கொண்டு, ஊர் ஊராகப் போவார்கள். அந்த வேஷத்தைத்தான் எட்கர் எடுத்துக்கொள்கிறான். அவன் வாயில் வரும் பேய்ப் பெயர்கள் பல, சாமுவேல் ஹார்ஸ்னெட் என்ற பாதிரியார் போலிப் பேயோட்டிகளைத் தாக்கி 1603-ல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தவை. போலிப் பைத்தியத்துக்குப் போலிப் பேய்கள். ஷேக்ஸ்பியருக்குக் குறும்பு அதிகம்.

மூன்றாமவன் கோமாளி. உளறுவது அவனுக்குத் தொழில். பேச்சை உற்றுக் கேட்டால், கணக்கு ஒன்றுகூடத் தப்பாது. ஆனால் நிஜப் பைத்தியம் வந்தபின் அவனுக்கு வேலை இல்லாமல் போகிறது. மூன்றாம் அங்கத்தோடு ஒரு வார்த்தை விளக்கமில்லாமல் காணாமல் போகிறான்.

எட்கரையும் கவனியுங்கள். மகள்களை நிறுத்தி விசாரிப்பதாக லியர் நினைத்துக்கொள்ளும் போலி விசாரணைக் காட்சியில், "கண்ணீர் வந்து என் நடிப்பைக் கெடுத்துவிடும் போலிருக்கிறது" என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறான். நிஜத்துக்குப் பக்கத்தில் நின்று நடிப்பது அவ்வளவு கஷ்டம்.

எங்கள் நாடகக் குழுவில் எனக்கு லியர் வேடம், அண்ணா. பைத்தியத்தை எப்படிக் காட்டுவது?

முடியைப் பிய்க்காதீர்கள். சிரித்துக்கொண்டே அழாதீர்கள். இரண்டையும் நிறையப் பார்த்தாயிற்று.

வசனத்தில் ஒரு தடம் இருக்கிறது. தொடக்கத்தில் லியர் பேசுவதில் பாதி கட்டளை: கொண்டு வா, பேசு, போய்விடு. கேள்வி கேட்டால்கூட, பதிலை முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார். புத்தி கலங்கக் கலங்கத்தான் பதில் தெரியாத கேள்விகள் வருகின்றன. இடி எதனால் இடிக்கிறது? மனிதன் என்றால் இவ்வளவுதானா? இந்தக் கல் நெஞ்சுகளுக்கு இயற்கையில் ஏதாவது காரணம் உண்டா? வாழ்நாளில் முதல் தடவையாக எதையோ தெரிந்துகொள்ள ஆசைப்படும் கிழவராக நடித்துப் பாருங்கள். மிச்சத்தைப் பார்வையாளர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நாலாம் அங்கத்தில் தலையில் களைச்செடிகளைச் சூடிக்கொண்டு வரும் காட்சிக்கு அதிக நாள் ஒத்திகை வையுங்கள். கண் பிடுங்கப்பட்ட க்ளாஸ்டர், லியரின் கையை முத்தமிடக் கேட்கிறார். "இரு, முதலில் துடைத்துக்கொள்கிறேன், சாவு நாற்றம் அடிக்கிறது" என்கிறார் லியர். இதைச் சத்தமில்லாமல் சொல்லுங்கள்.

இன்னொன்று: முக்காலியை கானரில் என்று நினைத்து விசாரிக்கும் அந்தப் போலி விசாரணை நாடகத்தின் 1608 அச்சுப் பதிப்பில் உண்டு, 1623 பதிப்பில் கிடையாது. எதை மேடையேற்றுகிறீர்கள் என்று இயக்குநரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நான் செவிலியர். எனக்கு இது டிமென்ஷியா (முதுமையில் வரும் மறதி நோய்) போலத்தான் தெரிகிறது.

நடிகர்களுக்கும் அப்படித் தோன்றியிருக்கிறது. 2014-ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் லியராக நடித்த சைமன் ரஸல் பீல், அதில் ஒரு வகையான லூயி பாடி டிமென்ஷியாவைப் படித்துவிட்டுத்தான் வேடத்தைக் கட்டினார். நடிகருக்கு அது நல்ல பிடி. ஆனால் நாடகத்தைக் கேஸ் ஷீட்டாக்கினால், மகள்கள் செய்தது எல்லாம் நோயின் கணக்கில் போய்விடும். அதற்கு எனக்குச் சம்மதமில்லை. உங்கள் கண்ணுக்கு இன்னொன்றும் பிடிக்கும்: பின்னால் அப்பாவைத் தேடி வரும் கார்டிலியாவின் வைத்தியம் தூக்கம், மாற்றுத் துணி, கண் விழிக்கும்போது பழகிய முகம், 1608 பதிப்பில் இசையும். கட்டிப்போடுவதும் இருட்டறையில் அடைப்பதும் சகஜமாக இருந்த காலத்தில் எழுதியது இது.

இந்தப் பைத்தியம் மூலக்கதையிலேயே இருக்கிறதா?

இல்லை. 1605-ல் அச்சான பழைய நாடகம் ஒன்றில் இதே அரசர் புத்தி கலங்காமல், கடைசியில் அரியணையும் ஏறுகிறார். பைத்தியமும் சாவும் ஷேக்ஸ்பியர் சேர்த்தவை. அது தாங்காமல் நேஹம் டேட் என்ற நாடகாசிரியர் 1681-ல் சுப முடிவுக்கு மாற்றினார். கோமாளியைத் தூக்கிவிட்டு, கார்டிலியாவுக்கும் எட்கருக்கும் கல்யாணம் நிச்சயம் செய்தார். 1838-ல் மக்ரெடி என்ற நடிகர் கோமாளியைத் திரும்பக் கொண்டுவரும்வரை அவன் மேடையில் இல்லை. நடுவில், இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் அரசருக்கே மனநிலை கெட்டிருந்ததால், 1811 முதல் அவர் இறந்த 1820 வரை லண்டனில் எந்த லியரும் மேடையேறவில்லை.

க்ளாஸ்டருக்கு இதைவிடக் கொடுமை நடக்கிறது. அவருக்கு ஏன் பைத்தியம் பிடிக்கவில்லை?

பிடித்தால் தேவலை என்று அவரே சொல்கிறார். அரசருக்குப் புத்தி போய்விட்டது, எனக்கு மட்டும் துக்கம் முழுசாக உறைக்கிறதே என்று ஏங்குகிறார். நாடகத்திலேயே என்னை அதிகம் உலுக்கும் பேச்சு இது.

ஹாம்லெட்டின் பைத்தியம் நடிப்பா, நிஜமா?

இன்னொரு நாள். அதைத் தொட்டால் விடிந்துவிடும்.

லியர் சாகும்போது தெளிவாக இருக்கிறாரா?

முழுத் தெளிவு என்று சொல்ல மாட்டேன். தூக்கிலிடப்பட்ட கார்டிலியாவை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று கண்ணாடி கேட்கிறார், இறகு அசைகிறது என்கிறார். எதிரில் நிற்கும் கென்ட்டைச் சரியாக அடையாளம் தெரியவில்லை. ஆனால் ஒரு சின்ன விஷயம். புயலில் பைத்தியம் முற்றியபோது "பொத்தானைக் கழற்று" என்று கத்திக்கொண்டு, உடையை அவரே கிழிக்கப் போனார். இப்போதும் பொத்தான்தான் கேட்கிறார்: "தயவுசெய்து இந்தப் பொத்தானைக் கழற்றிவிடுங்கள்." யாரோ கழற்றுகிறார்கள். "நன்றி ஐயா" என்கிறார்.