நண்டு மேஜையில் ஒரு மாற்று ஆள்

வணக்கம் அம்மா. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கம் நண்டுச் சதை எடுக்கும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். 45 தாண்டிய அக்காமார் சிலர் திடீரென்று மாஸ்க்கை இறக்கிவிட்டு வெளியே போய் நிற்கிறார்கள். மாதவிலக்கு நிற்கிற நேரமாம். மேனேஜர் ‘வேலைக்குச் சாக்கு’ என்கிறார். அவர்களுக்கு லீவு கேட்கலாமா?
– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

லீவு பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் மேஜைக்கு ஒரு மாற்று ஆள் கேளுங்கள்.

மாதவிலக்கு நிற்கிற காலத்தில் உடம்பில் குப்பென்று ஏறும் சூடு பெரும்பாலும் 1 முதல் 5 நிமிடத்தில் அடங்கிவிடும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது, உடல் சூட்டைக் கவனிக்கும் மூளைப்பகுதி சின்ன ஏற்றத்துக்கே பதறி வேர்வையைத் திறந்துவிடுகிறது. தொப்பி, மாஸ்க், கையுறை, நைட்டிக்கு மேல் பிளாஸ்டிக் ஏப்ரன் என்று இருந்தால் அந்த வேர்வை எங்கே காயும்? நனைந்த உடம்போடு ஐஸ் ரூமுக்குப் போனால் நடுக்கமும் சேர்ந்துகொள்ளும்.

வெளியே போனவர் திரும்பி வந்தால் கை கழுவி, கையுறை மாற்றித்தான் உட்கார வேண்டும். கிலோ கணக்கில் கூலி என்றால் அந்த நேரமெல்லாம் அவர் கூலியில்தான் கழியும். சொந்தக் கூலியை விட்டுக்கொடுத்து யாராவது சாக்குச் சொல்வார்களா? அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலோ கவனம் சிதறி நண்டு ஓட்டுத் துண்டு சதையோடு போய்விடும். மேனேஜரிடம் இதைச் சொல்லுங்கள், உடனே புரியும்.

கேட்காமலே எழுந்துபோகலாம், அந்த இடத்தில் மாற்று ஆள் உட்காருவார் என்று வையுங்கள். நண்டு வேகவைக்கும் பக்கம் இவர்களைப் போடாதீர்கள். சதைக்கு மேல் காற்றடிப்பது சுத்தத்துக்கு ஆகாது. மின்விசிறி உடை மாற்றும் அறையில் இருக்கட்டும். அங்கேயே ஒரு பானைத் தண்ணீர், மாற்றிக்கொள்ள ஒரு பருத்தி நைட்டி. சிலருக்குச் சூடான டீயே இதைக் கிளப்பிவிடும்.

வயதை வைத்து ஆள் பிரிக்காதீர்கள். கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்தவருக்கு 35 வயதிலேயே, அதுவும் இன்னும் கடுமையாக வரலாம். பெயர்ப் பட்டியல் எதுவும் வேண்டாம், மேஜையில் இருக்கும் எல்லோருக்கும் பொதுவாகக் கேளுங்கள்.

கழிப்பறைதான் அடுத்த தொல்லை. நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில் ரத்தப்போக்கு தாறுமாறாகும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, 5 மணி நேரத்துக்குள் அரைமணி ஓய்வு என்று 2025 நவம்பர் வரை இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதியிருந்தது. இதெல்லாம் சலுகையில் சேராது.

மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, ரத்தம் பெரிய கட்டிகளாக விழுந்தாலோ தள்ளிப்போடக்கூடாது. மாதவிலக்கு 12 மாதம் நின்றபின் ஒரு சொட்டுப் பட்டாலும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். கர்ப்பப்பைப் புற்று இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். ஓயாத சோர்வும் படபடப்பும் என்றால் ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹார்மோன் மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கவே கூடாது. மார்பகப் புற்றோ, ரத்தக்குழாயில் ரத்தக்கட்டோ வந்தவர்களுக்கு அது ஆபத்து.

மேனேஜரிடம் ஒரே மேஜையில், ஒரு மாதம் மட்டும் சோதனை கேளுங்கள். அந்த மேஜையில் வந்த கிலோவையும், சதையில் அகப்பட்ட ஓட்டுத் துண்டுகளையும் தினமும் நீங்களே நோட்டில் எழுதி வையுங்கள்.