வாய் மூடாத நாரை

வணக்கம் ஐயா,

நடவுக்காக எங்கள் வயலில் தண்ணீர் கட்டி உழுதிருந்தோம். முப்பது நாற்பது நாரைகள் வந்து இறங்கின. எல்லாவற்றுக்கும் அலகின் நடுவே ஒரு சந்து, வாய் மூடவே இல்லை. ஓரமாக நின்ற ஒன்றுக்கு மட்டும் ஒழுங்காக மூடியிருந்தது. ஏதாவது நோயோ என்று பயந்தேன். "நத்தை ஓட்டைக் கடிச்சுக் கடிச்சுத் தேஞ்சு போச்சும்மா" என்கிறார் பக்கத்து வயல்காரர். அப்படியானால் அந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் தேயவில்லை? உணவுக்கு ஏற்றபடி அலகு அமைகிறது என்று என் மகளின் பாடத்தில் இருக்கிறது. பறவை ஆசைப்பட்டால் அலகு மாறிவிடுமா என்று கேட்கிறாள்.

ம., பாகூர்

அன்புள்ள ம.,

நோய் இல்லை, பயப்படாதீர்கள். வந்தவை நத்தைகுத்தி நாரைகள். வாய் மூடியிருந்தது இளம்பறவை. குஞ்சுகளுக்கு அந்தச் சந்து கிடையாது, வளர வளரத்தான் விழும். நாற்பதில் அந்த ஒன்றைக் கவனித்தீர்களே, அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

பக்கத்து வயல்காரர் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. பாக்குவெட்டி மாதிரி சந்தில் வைத்து நத்தையை நொறுக்குகிறது என்றுதான் பறவையியலாளர்களும் வெகுகாலம் நினைத்தார்கள். ஆனால் நாரைகள் போன பிறகு வரப்போரம் கிடக்கும் ஓடுகளைப் பொறுக்கிப் பாருங்கள். பெரும்பாலானவை உடையாமல் முழுசாக இருக்கும், உள்ளே சதை மட்டும் இருக்காது.

ஊசுட்டேரிக் கரையில் ஒரு நாள் காலை முழுக்க ஒரே நாரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்துவரை தண்ணீருக்குள் விட்டுத் துழாவியது, நின்றது, தலையைச் சின்னச் சின்னதாக உதறியது. நிமிர்ந்தபோது அலகு நுனியில் ஓடு இல்லாத நத்தை தொங்கியது. தண்ணீருக்கடியில் நடப்பது இதுதான்: மேல் அலகு நத்தையைச் சேற்றோடு அழுத்திக்கொள்ளும். கத்தி போல் மெலிந்த கீழ் அலகின் நுனி, ஓட்டின் வாயை அடைக்கும் நத்தையின் மூடிக்கு அடியில் நுழைந்து, சதையை ஓட்டோடு பிடித்திருக்கும் தசையை அறுத்துவிடும். வேலையெல்லாம் நுனியில்தான். சந்து இருப்பதால் இரண்டு நுனிகளும் சேரும் கோணம் அகன்று, அங்கே பலம் கூடுகிறது என்கிறார்கள். சந்து விழாத இளசுகளும் நத்தை தின்றுவிடுகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உணவுக்கேற்ற அலகை நேரில் பார்க்க, கடலூரில் கெடிலம் கடலில் சேரும் இடத்துக்கு நீர் வற்றும் நேரமாகப் பார்த்து மகளை அழைத்துப் போங்கள். உள்ளான்கள் என்ற குட்டை அலகுக் கரைப்பறவைகள் சேற்றின் மேல்பரப்பைக் கொத்தும். நீண்டு வளைந்த அலகுள்ள கோட்டான் (ஆந்தை இல்லை, இதுவும் கரைப்பறவைதான்), வளைக்குள் இருக்கும் நண்டையே இழுத்துவிடும். ஒரே சேற்றில் ஆளுக்கொரு ஆழம்.

இனி மகளின் கேள்வி. ஆசைப்பட்டு எந்தப் பறவையும் அலகை மாற்றிக்கொண்டதில்லை. பசிபிக் பெருங்கடலில் உள்ள கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாப்னி மேஜர் என்று ஒரு சின்னத் தீவு. உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் அங்கே குருவிகளைப் பிடித்து, வளையமிட்டு, அலகை அளந்து வந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சின்ன, மெத்தென்ற விதைகளெல்லாம் தீர்ந்துபோய், முள்ளோடு கூடிய கெட்டிக் காய்கள்தான் மிஞ்சின. அந்தக் காய் வேறெதுவும் இல்லை, நம் நெருஞ்சியின் இனம். அதை உடைக்க முடியாத குருவிகள் பட்டினி கிடந்து மடிந்தன. கிராண்ட் தம்பதியர் கவனித்துவந்த குருவி இனத்தில் நூற்றுக்கு 85 போயிற்று. தப்பியவற்றில் தடித்த அலகுள்ளவையே அதிகம், அவற்றின் குஞ்சுகளுக்கும் அலகு தடித்தே இருந்தது. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை! பிறகு 1983இல் பெருமழை பெய்து சின்ன விதைகள் மலிந்தபோது, சிறிய அலகுக் குருவிகளுக்குக் காலம் வந்தது.

எந்தக் குருவியும் தன் ஆயுளில் மாறவில்லை. பிழைத்தது யார், குஞ்சு பொரித்தது யார் என்பது மாறியது. நத்தைகுத்தியின் அலகும் இப்படித்தான், எண்ணிலடங்காத தலைமுறைகளில் இந்த வடிவத்துக்கு வந்திருக்க வேண்டும்.

வயல் பக்கம் நெருஞ்சி காய்த்திருந்தால் காய்ந்த காய் ஒன்றை மகள் கையில் கொடுத்து, கல்லோ கத்தியோ இல்லாமல் விதையை எடுக்கச் சொல்லுங்கள். எவ்வளவு நேரமானது என்று எனக்கு எழுதட்டும்.

அன்புடன்.